உங்களுக்குத் தெரியுமா? முனையம் ரெடி, விமானம் எங்கே?

முதல் கொடி, மூன்று விமானங்கள்

2017 ஏப்ரல் 27 அன்று பிரதமர் சிம்லாவில் கொடியசைத்துத் தொடங்கிவைத்தது, சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டம். மலையும் மேகமுமாகச் சிம்லா விமானம்தான் எல்லாப் படத்திலும் வந்தது. அதே நாளில் கடப்பா–ஹைதராபாத், நாந்தேட்–ஹைதராபாத் என்று இன்னும் இரண்டு வழித்தடங்களும் தொடங்கின. அன்று தொடங்கிய மூன்று தடங்களில் இரண்டு ஹைதராபாத்தில்தான் போய் முடிந்தன. சின்ன ஊர் விமான நிலையங்களின் கதையைப் பேச ஹைதராபாத்தைவிட வசதியான இடம் கிடைக்காது. அவற்றுக்குப் பயணிகளைத் தருவதும் இந்த நகரம்தான், அவர்களைப் பறித்துக்கொள்வதும் இதுதான்.

நட்சத்திரம் பங்கு வைத்திருந்த விமானம்

அந்த இரண்டு தடங்களையும் ஓட்டியது ட்ரூஜெட். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டர்போ மேகா ஏர்வேஸின் விமான சேவை அது. தெலுங்கு நடிகர் ராம் சரணுக்கும் அதில் பங்கு இருந்தது. 2015 ஜூலையில் ஏடிஆர் 72 ரகச் சிறிய விமானங்களோடு இறங்கியது. பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களாகத் தேடிப் போனது: கடப்பா, நாந்தேட், மைசூரு, பெல்லாரி பக்கம் வித்யாநகர், பீதர், நம் சேலம். 2022 பிப்ரவரியில் பறப்பதை நிறுத்தியது. ஒரு நிறுவனம் படுத்ததும் அது மட்டுமே வந்துபோன ஊர்களின் முனையங்களும் கூடவே படுத்துக்கொண்டன. பெரிய நகரத்தில் ஒரு விமான நிறுவனம் மூடினால் அடுத்த மாதமே இன்னொன்று அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்ன ஊரில் அப்படி நடப்பதில்லை.

₹2,500 டிக்கெட்டின் மீதியை யார் கட்டுகிறார்கள்?

ஒரு மணி நேரப் பயணத்துக்கு ₹2,500 என்பது உடானின் விளம்பர வாசகம். விமானத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகளுக்குத்தான் அந்தக் கட்டண வரம்பு. அதனால் நிறுவனத்துக்கு விழும் துண்டை 'இடைவெளி நிதி' என்ற பெயரில் அரசு நிரப்புகிறது. பெரும்பாலான மாநிலங்களில் 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. மீதி 80 சதவீதம் மத்திய வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வரவில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. சென்னை–டெல்லி போன்ற பெருந்தடங்களில் கிளம்பும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தீர்வை போட்டார்கள். 2016 இறுதியில் அது தூரத்தைப் பொறுத்து ₹7,500 முதல் ₹8,500 வரை. 180 பேர் ஏறிய விமானம் என்றால் தலைக்கு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும். ஆக, வேலைக்காக டெல்லி போன சென்னைக்காரர், தான் ஒருநாளும் போயிராத கடப்பா விமானத்துக்கும் சேர்த்தே பணம் கட்டியிருக்கிறார். விமானத்தில் போகிறவரிடம் வாங்கி விமானத்தில் போகிறவருக்கே தருகிறார்கள் என்ற வகையில் இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை தெரியவில்லை. குறை அடுத்த கணக்கில் இருக்கிறது.

774-ல் 54

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் உடானைத் தணிக்கை செய்து அறிக்கை வைத்தார். மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவேயில்லை. தொடங்கிய 371-ல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக ஓட்டியவை 112. சலுகை முடிந்தபிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. நூற்றுக்கு ஏழு!

மூன்று ஆண்டு தாங்கிப் பிடித்தால் நான்காம் ஆண்டு தானே நடக்கும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. நிறுவனங்கள் போட்ட கணக்கு வேறு. நிதி வரும்வரை ஓட்டு, நின்றதும் விமானத்தை அடுத்த சலுகைத் தடத்துக்கு மாற்று. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விமானத்தை எங்கும் கொண்டுபோகலாம், ஓடுதளத்தை நகர்த்த முடியாது.

எண்பது இருக்கை ரகசியம்

ஏடிஆர் 72-ல் ஏன் 78 இருக்கைகள்? இன்னொரு வரிசை சேர்க்க இடமில்லை என்பது ஒரு காரணம். இந்தியாவில் அதற்கு இன்னொரு வசதியும் உண்டு. 80-க்கும் குறைவான இருக்கை கொண்ட உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை. சின்ன ஊர்களை ஊக்குவிக்கத்தான் இந்தச் சலுகை.

இப்போது விமான நிலையத்தின் பக்கம் நின்று பாருங்கள். அங்கே வருவதே ஏடிஆர் ஒன்றுதான். அது இறங்கினால் கட்டணம் கிடையாது. உடான் விமானமாக இருந்தால் நிறுத்தும் கட்டணமும் கிடையாது. மாநில அரசு எரிபொருள் மீதான வாட் வரியை 1 சதவீதமாகக் குறைத்தாக வேண்டும். காவலுக்குப் போலீஸையும் தீயணைப்பையும் இலவசமாகத் தரவேண்டும். வருமானம் எங்கிருந்து வரும்? பயணிகளிடம் வாங்கும் சின்னக் கட்டணம், ஒரு காபிக் கடையின் வாடகை, வாகன நிறுத்தம். நாளுக்கு ஒரு விமானத்தை நம்பி யார் காபிக் கடை வைப்பார்கள்?

இரண்டாவது தீயணைப்பு வண்டி

'விரிவாக்கம்' என்றதும் ஓடுதள நீளமும் கண்ணாடிக் கட்டடமும்தான் கண்ணுக்குத் தெரியும். செலவின் மறுபாதி தீயணைப்பு நிலையத்துக்குள் இருக்கிறது. பன்னாட்டு விதிப்படி ஒரு விமான நிலையத்தின் தீயணைப்புத் தரம் அங்கே வரும் விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் பொறுத்தது. 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் 72-க்கு ஐந்தாம் வகுப்பு போதும். ஒரு வண்டி, 5,400 லிட்டர் தண்ணீர். 37 மீட்டர் தாண்டும் ஏர்பஸ் ஏ320 வரவேண்டுமா? ஆறாம் வகுப்பு. இரண்டு வண்டிகள், 7,900 லிட்டர். வண்டி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதில் நிற்கும் ஆட்களோ ஷிஃப்டு ஷிஃப்டாக ஆண்டு முழுக்க வேண்டும். வாரத்தில் நான்கே விமானம் வந்தாலும் சம்பளம் முப்பது நாளுக்கும்தான்.

கட்டடச் செலவை அமைச்சர் ரிப்பன் வெட்டும் நாளில் சொல்வார்கள். இந்தச் செலவை யாரும் மேடையில் சொல்வதில்லை.

கர்னூலில் இறங்கியது யார்?

ஓர்வகல்லில் உள்ள கர்னூல் விமான நிலையம் 2021 மார்ச் 25-ல் திறந்தது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய உய்யாலவாட நரசிம்ம ரெட்டியின் பெயர். மூன்று நாள் கழித்து இண்டிகோவின் ஏடிஆர்கள் பெங்களூரு, சென்னை, விசாகப்பட்டினத்துக்குப் பறக்கத் தொடங்கின. கர்னூல்காரர் அதிகம் போகும் பெருநகரம் ஹைதராபாத். அதற்கு நான்கு வழிச்சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். தொலைதூரம் போகிறவரும் அதே சாலையில் ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குப் போய் நேரடி விமானம் ஏறிவிடுகிறார். ஷம்ஷாபாத் கர்னூல் சாலையின் வாசலிலேயே இருக்கிறது, நகருக்குள் நுழையக்கூட வேண்டாம்.

'கசிவு' என்று இதற்குத் துறையில் பெயர். பெரிய நிலையம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சின்ன நிலையத்தின் பயணிகள் அங்கே வடிந்துவிடுவார்கள். திட்ட அறிக்கைகள் மாவட்டத்தின் மக்கள்தொகையை எண்ணுகின்றன. சாலையை எண்ண மறந்துவிடுகின்றன.

கடப்பாவின் மூன்று ஆரம்பங்கள்

கடப்பாவுக்கு 2015 ஜூனில் ஏர் பெகாசஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனமே மூடியது. பிறகு ட்ரூஜெட், அதுவும் போனது. 2022-ல் ஆந்திர அரசு தன் கையிலிருந்து இடைவெளி நிதி தருவதாக ஒப்புக்கொண்டு இண்டிகோவைக் கூட்டிவந்தது. சத்திரம் கட்டியவரே கல்யாணச் செலவையும் ஏற்றுக்கொண்ட மாதிரிதான்!

புதுச்சேரிக்கும் ஹைதராபாத்துக்கும் என்ன பந்தம்?

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் புதிய முனையம் 2013-ல் இயங்கத் தொடங்கியது. பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் வந்தது, ஓராண்டு போல ஓடி நின்றது. 2017 ஆகஸ்டில் உடானில் மறுபடி வந்தது, இந்த முறை ஹைதராபாத்துக்கு. கொரோனாவில் நின்றது. 2022 மார்ச்சில் மீண்டும் பெங்களூரு, ஹைதராபாத். 2024 மார்ச்சோடு மீண்டும் முற்றுப்புள்ளி. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ, அதே இரண்டு ஊர்களுக்கு. நிறுவனம் மாறுகிறது, போகும் ஊர் மாறவில்லை. தேவை இருக்கிறது, ஒரு ஏடிஆரை நிரப்பும் அளவுக்கு மட்டும் இருக்கிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

அங்கே ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர். நீட்ட வேண்டுமானால் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் நிலம் வேண்டும். அது தமிழ்நாட்டுக்குச் சொந்தம். இரண்டு அரசுகள், ஒரு கோப்பு. எத்தனை ஆட்சி மாறியும் அது இன்னும் பயணத்திலேயே இருக்கிறது.

சேலம்: நான்கு முறை திறந்த கதவு

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993-ல் வந்தது சேலம் விமான நிலையம். ஆரம்பத்தில் என்இபிசி, 2009-ல் கிங்ஃபிஷர், 2018 மார்ச் 25 முதல் ட்ரூஜெட், 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும். முதல் மூன்று நிறுவனங்களும் இன்று இல்லை. சேலம் நிலையம் இருக்கிறது. நான்காவது சுற்றில் இண்டிகோ சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது.

ஹைதராபாத்திலேயே கூட்டம் குறைந்த ஆண்டு

பேகம்பேட்டை விமான நிலையம் நிஜாம் காலத்துச் சொத்து. நிஜாம் அரசும் டாடாவும் சேர்ந்து 1945-ல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸுக்கு அதுவே தாய்வீடு. நாட்டுடைமையான 1953-ல் அந்த நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. 2007-08-ல் பேகம்பேட்டை வழியாகப் போய்வந்தோர் 70 லட்சத்தை ஒட்டியிருந்தார்கள், நகரத்தின் நடுவில் இருந்த அந்தப் பழைய கட்டடம் திணறியது. 2008 மார்ச் 23 நள்ளிரவு கழிந்ததும் அத்தனை பயணிகள் விமானமும் ஷம்ஷாபாத்துக்கு இடம்பெயர்ந்தன. சில நாள் முன்புதான் பழைய நிலையங்களை மூடக்கூடாது என்று விமான நிலைய ஆணைய ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள்.

புதிய நிலையத்தில் 4,260 மீட்டர் ஓடுதளம், ஆண்டுக்கு 1.2 கோடிப் பேரைத் தாங்கும் முனையம். வந்த கூட்டமோ முந்தைய ஆண்டைவிடக் குறைவு! 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, டிக்கெட் விலை ஏறியது, தொடர்ந்து உலகப் பொருளாதாரச் சரிவு. நகரத்திலிருந்து போகப் பாதையும் தயாராக இல்லை. மெஹதிப்பட்டினத்திலிருந்து ஆராம்கர் வரை போகும் 11.6 கி.மீ. பி.வி. நரசிம்மராவ் மேம்பாலம் 2009 அக்டோபரில்தான் திறந்தது.

கூட்டம் குறைந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். விமான நிலையம் கூட்டும். ஒழுங்குமுறை ஆணையம் கணக்குப் போடும் முறையே அப்படி. போட்ட முதலுக்கு இவ்வளவு வருவாய், தேய்மானத்துக்கு இவ்வளவு, நடத்தும் செலவு இவ்வளவு என்று ஒரு தொகை தீர்மானமாகிறது. அதை எதிர்பார்க்கும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வருகிறவர் குறைந்தால் வகுக்கும் எண் சிறிதாகிறது, தலைக்குக் கட்டணம் பெரிதாகிறது. குறைந்த வசூல் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்கிறது. ஷம்ஷாபாத்தில் உள்நாட்டுப் பயணிக்கு 2008-ல் ₹375 ஆக இருந்த மேம்பாட்டுக் கட்டணம் 2010-ல் ₹430 ஆனது, வெளிநாடு போகிறவருக்கு ₹1,700.

ஹைதராபாத் தப்பித்தது. மென்பொருள் தொழில் வளர்ந்தது, கூட்டம் மீண்டது. 2024-25-ல் சுமார் 2.9 கோடிப் பேர் போய்வந்தார்கள். கட்டிவிட்டுக் காத்திருந்தால் ஊர் வளரும் என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்கிறார்கள். ஹைதராபாத் ஏற்கெனவே 70 லட்சம் பேர் பறந்துகொண்டிருந்த ஊர் என்பதைச் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

பெயர்க் குறியீடும் போனது

உங்கள் பெட்டியில் ஒட்டும் 'எச்ஒய்டி' என்ற மூன்றெழுத்து முன்பு பேகம்பேட்டையுடையது. ஷம்ஷாபாத் அதையும் எடுத்துக்கொண்டது. பேகம்பேட்டைக்கு இப்போது 'பிபிஎம்'. தலைவர்களின் விமானங்கள், பயிற்சி விமானங்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விங்ஸ் இந்தியா கண்காட்சி என்று அதன் பொழுது போகிறது.

வாயுதூத்தை நினைவிருக்கிறதா?

உடானுக்கு 36 ஆண்டு மூத்த அண்ணன் அந்த விமான சேவை. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1981 ஜனவரியில், முதலில் வடகிழக்கு மாநிலங்களுக்காகத் தொடங்கின. பிறகு ஆளாளுக்குத் தங்கள் ஊருக்குக் கேட்க, நூறு ஊர்கள் வரை வலை விரிந்தது. தஞ்சாவூர், நெய்வேலி, புதுச்சேரியும் அதில் உண்டு. நஷ்டம் தாளாமல் 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்துவிட்டார்கள். அன்று வாயுதூத் இறங்கிய அதே நெய்வேலி உடான் பட்டியலில் மறுபடி இடம்பிடித்தது.

யானை விரட்டிய ராணுவம்

நம்மைவிடப் பெரிதாகக் கைசுட்டுக்கொண்டவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இலங்கையின் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மத்தள ராஜபக்ச பன்னாட்டு விமான நிலையம் 2013 மார்ச் 18-ல் திறந்தது. செலவு 20 கோடி டாலருக்கும் மேல், பெரும்பகுதி சீன எக்ஸிம் வங்கிக் கடன். 3,500 மீட்டர் ஓடுதளம், ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளுக்கான முனையம். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய கையோடு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அங்கிருந்து விலகியது. சரக்குக் கூடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். 2016-ல் சுற்றுவட்டாரத்தில் திரிந்த யானைகளையும் மான்களையும் விரட்ட ராணுவத்தினரும் போலீஸாருமாக முந்நூறு பேரை இறக்க வேண்டியிருந்தது. உலகிலேயே வெறிச்சோடிய பன்னாட்டு விமான நிலையம் என்று ஃபோர்ப்ஸ் எழுதியது அந்த ஆண்டுதான்.

அதே தீவின் வடக்கே பலாலி. யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு 2019 நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. எல்லாமே ஏடிஆர்கள், குட்டி முனையம், குட்டி ஓடுதளம். போகவர உறவும் காரணமும் உள்ள மக்கள் இருபுறமும் இருக்கிறார்கள். மத்தளவில் அதுதான் இல்லாமல் போனது.

பத்தாயிரம் யூரோவுக்கு ஒரு விமான நிலையம்

ஸ்பெயினின் சியுதாத் ரியால் விமான நிலையத்தை நூறு கோடி யூரோ அளவில் கொட்டிக் கட்டினார்கள். 2008 இறுதியில் திறந்தது, 2012-ல் மூடியது. 2015 ஏலத்தில் ஒரே ஒரு கேட்பு வந்தது: 10,000 யூரோ. ஒரு கார்கூட வராத விலை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை போலும்! இடையில் இயக்குநர் பெத்ரோ அல்மதோவார் அங்கே ஒரு சினிமா எடுத்தார்.

குஷிநகர்

உத்தரப் பிரதேசத்தின் பௌத்தத் தலம். 2021 அக்டோபர் 20, கொழும்பிலிருந்து பௌத்த பிக்குகளோடு முதல் விமானம், பிரதமர் திறப்பு. பிறகு ஸ்பைஸ்ஜெட் டெல்லியிலிருந்து வந்துபோனது. 2023 நவம்பரோடு அதுவும் நின்றது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தூத்துக்குடியின் பந்தயம்

1,350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, சுமார் ₹450 கோடியில் புது முனையமும் கட்டி 2025 ஜூலை 26-ல் திறந்துவிட்டார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கான இடம். துறைமுகம், உப்பு, திருச்செந்தூர் என்று காரணங்கள் உண்டு. மதுரை நிலையம் மூன்று மணி நேரத்துக்குள் இருக்கிறது என்பதும் உண்டு. இங்கே கசிவு எந்தத் திசையில் போகும் என்று ஐந்தாண்டு கழித்துப் பேசலாம்.

150 கிலோமீட்டர் கோடு

2004 டிசம்பரில் மத்திய அரசும், ஷம்ஷாபாத் நிலையத்தைக் கட்டி நடத்தும் ஜிஎம்ஆர் தலைமையிலான நிறுவனமும் கையெழுத்திட்ட சலுகை ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ஷம்ஷாபாத் திறந்து 25 ஆண்டு வரை, வான் தொலைவில் 150 கி.மீ.க்குள் போட்டியாக இன்னொரு விமான நிலையத்தை வளர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஹைதராபாத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாயிற்று. வட்டத்துக்குள் மாட்டியது கர்நாடகத்தின் பீதர். விமானப்படைத் தளத்தை ஒட்டிக் கட்டி முடித்த பயணிகள் முனையம் ஜிஎம்ஆரின் ஆட்சேபத்தால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 2020 பிப்ரவரி 7-ல் ஒருவழியாகப் பெங்களூருக்கு முதல் விமானம் கிளம்பியது. ஓட்டியது ட்ரூஜெட்தான். அடுத்த மாதம் ஊரடங்கு.

மாம்னூர் திரும்புகிறது

வட்டத்துக்குள் மாட்டிய இன்னொரு ஊர் வாரங்கல். அதன் மாம்னூர் விமான நிலையத்தை 1930-ல் கட்டுவித்தவர் கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். 1981 வரை விமானம் வந்துபோனது, பிறகு புல் முளைத்தது. ஜிஎம்ஆர் தன் ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டது. தெலங்கானா அரசு 2024 நவம்பரில் கூடுதலாக 253 ஏக்கர் நிலமெடுக்க ₹205 கோடி ஒதுக்கியது. 2025 பிப்ரவரி இறுதியில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஒப்புதல் தந்தது. 2025-26 மத்திய பட்ஜெட்டிலோ, பத்தாண்டில் 120 புதிய ஊர்களை இணைக்கும் திருத்திய உடான்.

ஏற்கெனவே விமான நிலைய ஆணையத்தின் கையில் 696 ஏக்கர் இருக்கும்போது இன்னும் 253 ஏக்கர் எதற்கு? ஏடிஆர் மட்டும் வருவதானால் அவ்வளவு வேண்டாம். கேட்டிருப்பது ஏ320 இறங்கும் நிலையம். வாரங்கலிலிருந்து ஹைதராபாத்துக்குக் காஜிப்பேட்டை வழியாக நாளெல்லாம் ரயில் ஓடுகிறது, சாலையில் மூன்று மணி நேரம். ஹைதராபாத்தைத் தாண்டி மாம்னூரிலிருந்து நேரடியாக எந்த ஊருக்கு, நாளுக்கு எத்தனை பேர் பறப்பார்கள் என்ற கணக்கை நிலத்துக்குக் காசு கொடுக்கும் முன்பே யாராவது கேட்டிருந்தால் நல்லது. இரண்டாவது தீயணைப்பு வண்டிக்கான சம்பளப் பட்டியலையும் சேர்த்துத்தான்.